பன்றித் தொட்டியில் கரைந்த கடைசி மருந்து!

மூன்று கணக்குகளை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், தோழர்களே! விளக்கம் பிறகு.

சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள், 2011-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை, ஒரே பொருளைத் தேடி மூன்று இடங்களுக்குச் சென்றனர். வெட்டுக்கூடத்துக்கு வந்த பன்றிகளிடம் தேடினர். 804 பன்றிகளில் 166 பன்றிகளிடம் இருந்தது. குவாங்சௌ நகரத்துச் சந்தைகளிலும் கடைகளிலும் விற்ற பன்றிக்கறி, கோழிக்கறியில் தேடினர். 523 மாதிரிகளில் 78 மாதிரிகளில் இருந்தது. கிருமி தொற்றி மருத்துவமனையில் படுத்திருந்த மக்களிடம் தேடினர். 1,322 பேரில் 16 பேரிடம் இருந்தது.

பட்டியிலே 100-க்கு 21! கறிக்கடையிலே 100-க்கு 15! நோயாளியின் கட்டிலிலே 100-க்கு 1!

தேடிய பொருள் என்ன? தங்கமா? வைரமா? அல்ல! கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குள்ளே, அதனினும் சிறிதாக ஒளிந்திருக்கும் ஒரு மரபணு! எம்.சி.ஆர்-1 என்று அதற்குப் பெயரிட்டனர். அந்த மரபணுவைப் பெற்றுவிட்ட கிருமியிடம் கொலிஸ்டின் என்னும் மருந்து தோற்றுப்போகும். மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, 'இனி இது ஒன்றுதான்' என்று மருத்துவர் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று அந்தக் கொலிஸ்டின்.

இதிலே ஒரு விந்தை உண்டு. அந்த ஆண்டுகளில் சீன மருத்துவமனைகளில் மனிதர்க்குக் கொலிஸ்டின் கொடுக்கும் வழக்கமே இல்லை! உண்ணாத மருந்தை எதிர்க்கும் வல்லமை, நோயாளியின் உடலில் இருந்த கிருமிக்கு எங்கிருந்து வந்தது? யார் உண்டது? யார் ஊட்டியது?

உண்டது பன்றி! உண்டது கோழி! ஊட்டியது, தீவனத்திலே மருந்தைக் கலந்து, சீக்கிரம் கொழுக்கவைத்துச் சீக்கிரம் காசு பார்க்க எண்ணிய வாணிபம்! பட்டியிலே கொட்டியதற்கு, கட்டிலிலே கிடப்பவன் விலை கொடுக்கிறான். 2015 நவம்பரில் மருத்துவ ஏட்டில் வெளிவந்த அந்த ஆய்வு உலகத்துக்குச் சொன்ன செய்தி இதுதான்.

கடைசி மருந்து ஆன கதை

கிருமிக்கொல்லி என்று நாம் எழுதுவது, ஆன்டிபயாடிக் என்று மருந்துக்கடையிலே கேட்டு வாங்குகிறோமே, அதைத்தான். அது வருவதற்கு முன் உழைப்பாளி வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆலையிலே இரும்புத் தகடு விரலைக் கிழிக்கும். இன்று கிழிந்த விரல், நாளை சீழ் வைக்கும். மறுவாரம் கையை வெட்டுவதா, உயிரை விடுவதா என்ற கேள்வி எழும். பிள்ளை பெற்ற தாய் மூன்றாம் நாள் காய்ச்சலில் போவாள். இருமிய குழந்தை மார்ச்சளியிலே போகும். 'விதி' என்றனர், 'தலையெழுத்து' என்றனர், அழுது அடங்கினர்.

அந்தத் தலையெழுத்தை அழித்து எழுதியது, மந்திரம் அல்ல, மருந்து! 1928-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனை ஒன்றில், பூஞ்சணம் படிந்த தட்டிலே பெனிசிலினைக் கண்டார் அலெக்சாண்டர் பிளெமிங். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் வந்தன. ஜப்பான் நாட்டார் 1940-களின் இறுதியில் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுத்த கொலிஸ்டினும் அந்த வரிசையில் வந்ததுதான். 1959 முதல் மனிதர்க்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் அது முரட்டு மருந்து. கிருமியைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது. அதைவிடச் சாதுவான மருந்துகள் வந்ததும், கொலிஸ்டினை அலமாரியின் கடைசித் தட்டிலே ஒதுக்கிவைத்தனர்.

ஆண்டுகள் உருண்டன. சாதுவான மருந்துகளைக் கிருமிகள் ஒவ்வொன்றாக வென்றன. 'இதற்கு மேல் மருந்தில்லை' என்று மதிக்கப்பட்ட கார்பபெனம் வகை மருந்துகளையும் முறிக்கும் கிருமிகள் தோன்றின. 2010-ஆம் ஆண்டு அதைப் பற்றி உலகை அதிரவைத்த ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. என்.டி.எம்-1 என்னும் மரபணு, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவி நிற்பதைக் காட்டிய கட்டுரை அது. அதன் முதல் ஆசிரியராக அச்சேறிய பெயர், சென்னைப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியின் பெயர்! கிருமிகள் எடுக்கப்பட்ட ஊர்களிலே சென்னையும் ஒன்று. டில்லியின் பெயரை மரபணுவுக்கு வைக்கலாமா என்று அன்றைய இந்திய ஆட்சியாளர் கோபித்துக்கொண்டனர். பெயரைப் பற்றிய சண்டை நடந்தது. கிருமி தன் பயணத்தை நிறுத்தவில்லை.

கார்பபெனம் தோற்ற இடத்தில் மருத்துவர்கள் என்ன செய்வர்? ஓய்வு கொடுத்து அனுப்பிய பழைய காவற்காரனை, 'வீட்டுக்குள்ளே திருடன் புகுந்துவிட்டான், வா!' என்று மீண்டும் அழைப்பதுபோல, கொலிஸ்டினை அழைத்தனர். சிறுநீரகம் கெட்டாலும் கெடட்டும், உயிர் மிஞ்சினால் போதும் என்ற நிலை!

அழைத்தனர், சரி. அந்தக் காவற்காரன் இத்தனை ஆண்டுகளாக எங்கே இருந்தான்? அலமாரியிலா உறங்கினான்? இல்லை, தோழர்களே! பல நாடுகளில் அவனைப் பன்றித் தொட்டியிலும் கோழித் தீவனத்திலும் டன் டன்னாகக் கரைத்துக்கொண்டிருந்தனர்! கிருமிகள் அவன் கைவரிசை அனைத்தையும் அங்கேயே கற்றுத் தெளிந்துவிட்டன!

கொழுக்கவைக்கும் கணக்கு

தீவனத்திலே மருந்து கலக்கும் யோசனை எப்படிப் பிறந்தது? 1950-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டட் இருவரும் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஆரியோமைசின் என்னும் மருந்தைக் காய்ச்சி எடுத்த பிறகு மிஞ்சும் கசடைக் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்தால், குஞ்சுகள் விரைவாக வளர்கின்றன என்பது செய்தி. நோய் தீர்க்க அல்ல, எடை ஏற்ற! பிணி போக்க அல்ல, பை நிரப்ப!

வாணிபம் விடுமா? நூறு கோழி இருந்த இடத்தில் ஆயிரம் கோழியை அடைத்தனர். நெருக்கடியிலே நோய் வரும், வராதிருக்க மருந்து. எடை ஏற வேண்டும், ஏறுவதற்கும் மருந்து. நோயுள்ள விலங்குக்கு மருந்து கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. வாயில்லா உயிரும் உயிர்தான். நோயில்லாத ஆயிரம் உயிருக்கு, நாள்தோறும், துளித்துளியாகக் கொடுத்தார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

துளித்துளியாகக் கொடுப்பதால் என்ன கேடு? கிருமிக் கூட்டத்திலே மெலிந்தவை சாகும், முரடு நிற்கும். எதிர்க்கப் போட்டியில்லாமல் முரடு பெருகும். மறுநாளும் அதே துளி, அதே வடிகட்டல். நாளடைவில் கூட்டம் முழுவதும் முரடு! பகைவனைக் கொல்லாமல், நாள்தோறும் சிறு கல்லெறிந்து கவசம் அணியப் பழக்குவதுபோல!

இது யாருக்கும் தெரியாதா? தெரியும்! பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார். தொண்டை வலிக்காக ஒருவன் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாக உண்கிறான், கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது, அந்தக் கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது, அவளுக்கு மருந்து பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். இப்படி ஒரு கற்பனைக் கதை சொல்லி, அறிவில்லாமல் கையாண்டவனே அந்தச் சாவுக்குப் பொறுப்பு என்ற கருத்தை வைத்தார்.

1969-ஆம் ஆண்டு பிரிட்டனில் சுவான் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. மனிதர்க்கு உதவும் மருந்தை விலங்கின் எடை ஏற்றப் பயன்படுத்தாதே என்றது அந்த அறிக்கை. 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி, பாஸ்டன் நகரை அடுத்த பண்ணை ஒன்றிலே சோதித்துக் காட்டினார். மருந்து கலந்த தீவனம் உண்ட குஞ்சுகளின் குடலில், ஒரு வாரத்துக்குள் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறின. சில திங்களில் அந்தப் பண்ணையில் வாழ்ந்த மனிதர் குடலிலும் அதே கதை. அக்கம்பக்கத்து வீட்டார் குடலில் அவ்வளவு இல்லை. பட்டியிலிருந்து மனிதனுக்குப் பாதை உண்டு என்பது அன்றே வெளிச்சமாயிற்று.

வெளிச்சம் வந்ததே, விழித்தார்களா? கேளுங்கள் இந்த வேடிக்கையை! 1977-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, தீவனத்தில் பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் கலப்பதற்கான அனுமதியைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அறிவித்த கோப்பு உறங்கிற்று. 34 ஆண்டுகள் உறங்கிற்று! 2011-இல் அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டனர். மனிதர்க்கு முக்கியமான மருந்துகளை எடை ஏற்றுவதற்காகக் கொடுப்பது அங்கே நின்றது 2017-ஆம் ஆண்டு தொடங்கியபோதுதான். 1977-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கியிருந்தது! அறிவியல் சொன்னதைக் கேட்க ஆட்சிக்கு அத்தனை ஆண்டுகள்! நடுவிலே நின்றது எது? கொள்முதல் கணக்கும் கொள்ளை இலாபமும் அல்லாமல் வேறு எது?

கைமாறும் துண்டறிக்கை

எம்.சி.ஆர்-1 மட்டும் ஏன் இத்தனை அச்சம் தந்தது என்று கேட்கலாம். கொலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகள் முன்பும் இருந்தன. ஆனால் அந்த வல்லமை அதனதன் வாரிசுகளுக்கு மட்டுமே போயிற்று. தகப்பன் சொத்து மகனுக்கு என்பதுபோல. எம்.சி.ஆர்-1 அப்படியல்ல. கிருமியின் உடலுக்குள்ளே பிளாஸ்மிட் என்று ஒரு சிறு வளையம் உண்டு. அந்த வளையத்திலே இந்த மரபணு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கிருமி மற்றொரு கிருமியைத் தொட்டு, அந்த வளையத்தின் படியை அதற்குக் கொடுத்துவிடும்.

நமக்குப் புரியும்படி சொல்வோம். பொதுக்கூட்டத்துக்கு முன் துண்டறிக்கை கொடுக்கிறோம். ஒருவர் படித்து அடுத்தவர் கையில் தருகிறார். வாங்குபவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஊர்க்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. தெருவில் போகிற எவரும் வாங்கலாம். அதுபோலத்தான் இதுவும். பன்றிக் குடலில் இருக்கும் ஈ.கோலை என்னும் கிருமி, மனிதக் குடலில் இருக்கும் வேறு குலத்துக் கிருமிக்கும் அதைக் கொடுத்துவிடும். ஏற்கெனவே கார்பபெனத்தை வென்ற ஒரு கிருமியின் கையில் இந்தத் துண்டறிக்கையும் சேர்ந்துவிட்டால்? மருத்துவர் கையை விரிப்பதைத் தவிர வேறு வழி மிகக் குறைவு!

போய்ச் சேராத நாடு உண்டா? 2015 நவம்பரில் சீனச் செய்தி வந்தது. டிசம்பரிலேயே டென்மார்க் நாட்டார் தாங்கள் சேமித்து வைத்திருந்த கிருமிகளை எடுத்துப் பார்த்தனர். ஒரு நோயாளியின் குருதியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கோழிக்கறியிலும் இருந்தது. 2016 மே திங்களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெண் ஒருவரிடம் கண்டனர். சீனத்தில் 1980-களில் கோழிகளிடமிருந்து எடுத்து வைத்த பழைய கிருமிகளைச் சோதித்தால், அவற்றிலும் சில அதை வைத்திருந்தன. திருடன் நேற்று வரவில்லை. நாம் விளக்கை ஏற்றியது நேற்று!

இன்னல் யாருக்கு? 2019-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உலகில் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்தனர். பண்ணை மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். மருத்துவமனைத் தூய்மைக் கேடு உண்டு. கண்டபடி மாத்திரை விற்பதும் விழுங்குவதும் உண்டு. ஆனால் உலகில் விற்கும் கிருமிக்கொல்லிகளில் 100-க்கு 70-க்கும் மேல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கே போகின்றன என்றும் 2019-இல் கணித்துச் சொன்னார்களே, அந்தப் பெரும்பங்கைப் பேசாமல் மாத்திரை விழுங்கிய ஏழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

மூன்று சாக்குகள்

இதைச் சொன்னதும் மூன்று பேர் மூன்று சாக்குடன் வருவர்.

முதலாமவர் சொல்வார்: "அதனால்தான் சொல்கிறோம், இறைச்சியை விட்டுவிடுங்கள்!" ஐயா, கிருமி இலை போட்ட பந்தியில் எது பரிமாறப்பட்டது என்று பார்த்துவிட்டா தொற்றுகிறது? பட்டிச் சாணமும் கோழி எருவும் வயலுக்குப் போகின்றன; கழிவுநீர் ஓடைக்குப் போகிறது; அங்கிருந்து கீரைக்கும் காய்க்கும் வருகிறது. மருத்துவமனையிலே கறி தின்றவனும் தின்னாதவனும் அடுத்தடுத்த கட்டிலிலே கிடக்கின்றனர். நன்றாக வெந்த கறியிலே கிருமி பிழைப்பதில்லை. பச்சைக் கறியைத் தொட்ட கையும், வெட்டிய கத்தியும் பலகையும்தான் கிருமியைக் கொண்டுபோகும் வண்டி. கறி வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெங்காயம் அரியாதீர்கள், கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள் என்று சொல்வது அறிவுரை. உழைப்பாளி பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு முட்டையையும் தட்டிப் பறிப்பது அறிவுரை ஆகாது.

இரண்டாமவர் சொல்வார்: "மருந்தை நிறுத்தினால் பண்ணையாளர் அழிவர், கறி விலை வானத்துக்கு ஏறும்!" டென்மார்க் நாட்டைப் பார்க்கச் சொல்கிறோம் நாம். மக்கள்தொகையைவிடப் பன்றித்தொகை மிகுந்த நாடு அது. அவோபார்சின் என்னும் தீவன மருந்தை 1995-இல் அங்கே தடுத்தனர். ஏன்? அதற்குப் பழகிய கிருமி, மனிதர்க்கு உயிர்காக்கும் வான்கோமைசினையும் எதிர்த்தது. கறிக்கோழியிடம் எடுத்த அத்தகைய கிருமிகளில் 1995-இல் வான்கோமைசினை எதிர்த்தவை 100-க்கு 70-க்கு மேல்; 2000-இல் 100-க்கு 6 அளவுதான்! வளர்ச்சிக்காக மருந்து கலப்பதையே அடுத்த சில ஆண்டுகளில் முற்றிலும் கைவிட்டனர். பண்ணைகள் அழிந்தனவா? 1992-இல் 1 கோடியே 84 இலட்சம் பன்றி வளர்த்த நாடு, 2008-இல் 2 கோடியே 71 இலட்சம் வளர்த்தது! ஒரு கிலோ பன்றிக்குச் செலவிட்ட மருந்தோ பாதிக்குக் கீழே இறங்கிற்று. அவர்களுக்கும் முன்பாக 1986-இலேயே சுவீடன் தடை போட்டது. அதைக் கேட்டவர்களே அந்நாட்டு உழவர்கள்! ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் நாள் தடை வந்தது. அங்கே கறிக்கடைகள் மூடப்படவில்லை.

மூன்றாமவர் சொல்வார்: "எல்லாம் கைமீறிப் போயிற்று, இனி என்ன செய்து என்ன பயன்?" இவர்தான் மூவரிலும் ஆபத்தானவர். ஏனெனில் இவர் அழுவதுபோல் பேசி, செயலை நிறுத்துகிறார். இவருக்குப் பதிலைச் சீன நாடே தருகிறது.

சட்டம் வந்தது, கிருமி இறங்கியது

ஆய்வு வெளிவந்த மறு ஆண்டிலேயே சீன அரசு அறிவித்தது; 2017 ஏப்ரல் 30 முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலக்கக்கூடாது என்று தடை நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே பன்றி மிகுதியாக வளர்க்கும் நாட்டில், எத்தனை பெரிய வாணிபத்தின் மீது விழுந்த அடி என்று எண்ணிப் பாருங்கள்! தீவனத்தில் சேர்க்கும் கொலிஸ்டின் கலவையின் உற்பத்தி 2015-இல் 27,170 டன். 2018-இல் 2,497 டன்! பத்தில் ஒரு பங்குக்கும் கீழே!

அதன் விளைவு என்ன? மீண்டும் கிருமியை எண்ணினர். பன்றிகளிடம் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை, 2015-16-இல் 100-க்கு 34; 2017-18-இல் 100-க்கு 5! கோழிகளிடம் 100-க்கு 18 இருந்தது 100-க்கு 5 ஆயிற்று! மருத்துவமனையில் சேர்ந்த மக்களின் குடலிலே எம்.சி.ஆர்-1 ஏந்திய கிருமி, 2016-இல் 100-க்கு 14 பேருக்கு மேல்; 2019-இல் 100-க்கு 6 பேர் அளவு!

பட்டியிலே கைவைத்தனர், கட்டிலிலே இறங்கியது! அந்த மக்களுக்குப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கோடி கோடியாய்ச் செலவிட்டுப் புது ஆய்வுக்கூடம் கட்டவில்லை. தொட்டியில் கொட்டுவதை நிறுத்தினர், அவ்வளவுதான்! தீவன மருந்து இல்லாத இடத்தில், அந்த வளையத்தைச் சுமப்பது கிருமிக்கு வீண் பாரம். பாரம் சுமக்காத கிருமிகள் முந்திக்கொண்டன.

முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நாம் கும்மாளமிடவில்லை. 100-க்கு 5 மிஞ்சியிருக்கிறது. மீண்டும் மருந்து ஊற்றினால் அந்த ஐந்து ஐம்பதாகும். ஆனால் 'கைமீறிப் போயிற்று' என்று கைகட்டி நிற்பவரின் வாயை அடைக்க இந்தக் கணக்கு போதும்.

நம் வீட்டுக் கணக்கு

இந்தியாவிலும் சட்டம் வந்தது. 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் பண்ணைகளுக்கும் தீவனச் சேர்க்கைக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் வழங்குவதும் கூடாது என மைய அரசு தடை விதித்தது. சீனத் தடையைவிடக் கடுமையான தடை! வரவேற்கிறோம். அதற்கு முன் 2012 ஆகஸ்டில், மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, மருந்துச்சீட்டு இல்லாமல் கிருமிக்கொல்லி விற்பதைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை வகுத்த இடமும் நம் சென்னையே. சென்னைப் பிரகடனம் என்று உலக மருத்துவ ஏடுகள் அதை எழுதின.

தாளிலே சட்டம் இருந்தால் போதுமா? தாள் கிருமியைக் கொல்லாது. சட்டத்துக்குக் கண் வேண்டும், கணக்கு வேண்டும். டென்மார்க்கார் 1995 முதல் விலங்கு, கறி, மனிதர் மூன்றையும் சேர்த்து ஒரே பேரேட்டில் எழுதி, ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கின்றனர். எந்தப் பட்டியில் எந்த மருந்து எவ்வளவு போயிற்று, எந்தக் கிருமி எவ்வளவு முரடாயிற்று என்று படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம். கணக்கு இல்லாத இடத்தில் கள்ளத்தனம் குடியேறும். ஒவ்வொரு மாவட்டத்துக் கறிக்கடையிலும் பண்ணையிலும் மருத்துவமனையிலும் எடுத்த கணக்கை மக்கள் மொழியில் அச்சிட்டு வெளியிடு என்று கேட்பது நமது கடமை.

கோழிக் கொட்டகை வைத்திருக்கும் சிறு உழவரைக் குற்றவாளி ஆக்குவது நம் நோக்கமல்ல. ஒப்பந்த முறையிலே குஞ்சு நிறுவனத்துடையது, தீவனம் நிறுவனத்துடையது, மருந்தும் நிறுவனத்துடையது. கொட்டகையும் மின்கட்டணமும் இரவு விழிப்பும்தான் உழவருடையவை. மூட்டைக்குள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியாவிட்டால், அவரை எப்படிக் குறை சொல்வது? மூட்டையின் மேலே, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் தமிழில் தெளிவாக எழுது! கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கலக்காதே! மருந்தில்லாமல் வளர்ப்பதற்குத் தடுப்பூசியும் காற்றோட்டமும் இடவசதியும் வேண்டும். அதற்கு அந்தச் சிறு உழவருக்குக் கடனும் வழிகாட்டலும் கொடு! இவை பிச்சை அல்ல, உரிமைகள்.

நம் பங்கும் உண்டு. காய்ச்சல் வந்தால் கடையிலே நின்று, "ரெண்டு மாத்திரை கொடுங்க, கடுமையானதாக் கொடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் தெருக்களிலே இருக்கிறது. கூலிக்குப் போக வேண்டிய அவசரத்தை நாம் அறிவோம். ஒருநாள் படுத்தால் ஒருநாள் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். ஆனால் சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் கிருமிக்கொல்லி பயன்படாது. காசும் போகும், மருந்தின் வீரியமும் போகும். மாத்திரை அட்டையிலே சிவப்புக் கோடு நெடுக இழுத்திருப்பதைப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடாதே என்பதற்கு அது அடையாளம். 2016 முதல் அதைப் பற்றி அரசும் பிரசாரம் செய்தது. மருத்துவர் எழுதினால், எழுதியபடி உண்ணுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மன்றங்களிலும் படிப்பகங்களிலும் கூடும் தோழர்கள், ஒரு மாலையாவது இதைப் பேசுங்கள், தாய்மார்களையும் அழையுங்கள்.

ஆற்று நீர் பொதுச் சொத்து. ஒருவன் தன் ஆலைக்காக அதிலே சாயத்தைக் கொட்டினால், கீழே இருக்கும் ஊரெல்லாம் நஞ்சு குடிக்கும். மருந்தின் வீரியமும் அப்படியொரு பொதுச் சொத்து. அது மருந்து செய்யும் நிறுவனத்தின் சொத்தல்ல. பண்ணை நிறுவனத்தின் சொத்தல்ல. குறைமாதத்தில் பிறந்து அரசு மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடும் கூலிக்காரன் குழந்தைக்கும் அதிலே பங்கு உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மருந்து தோற்றால், விலையுயர்ந்த மற்றொன்றை வெளிநாட்டிலிருந்தும் தருவிப்பர். அந்தக் குழந்தைக்கோ அந்தக் கடைசி மருந்துதான் சொத்து, அதுதான் சீதனம், அதுதான் நாளை!

அதைக் கோழியின் எடைக்காகக் கரைக்க எவருக்கு உரிமை? கரைத்தவரிடம் கணக்குக் கேட்போம். கரைக்காதே என்ற சட்டத்துக்குக் காவல் கேட்போம். பட்டியிலும் கடையிலும் கட்டிலிலும், மூன்று இடத்திலும், ஆண்டுதோறும் எண்ணிக் காட்டு என்று கேட்போம்!